காலையில் உறுதி, மாலையில் தளர்வு: இமாம் கஸ்ஸாலி வென்ற போராட்டம்

மாணவர்களே, இனி இதைச் செய்யக்கூடாது என்று காலையில் முடிவெடுத்து, மாலைக்குள் அதையே மீண்டும் செய்துவிடுவது பலருக்கும் நேர்வதுதான். யாருக்கும் தெரியாத தவறு என்றால் கண்டிக்கவும் ஆளில்லை. 900 ஆண்டுகளுக்கு முன் இஸ்லாமிய உலகின் பேரறிஞர் ஒருவரும் இப்படித் தவித்தார். அவர்தான் இமாம் கஸ்ஸாலி.

இன்றைய ஈரானிலுள்ள தூஸ் நகரில் 1058இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். நிஷாப்பூரில் இமாம் ஜுவைனியிடம் பயின்றார். 1091இல் பாக்தாத்தின் புகழ்பெற்ற நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியரானார். 300 மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர்.

ஆனால், தாம் இறைவனுக்காகப் போதிக்கவில்லை, பேருக்கும் பதவிக்கும்தான் போதிக்கிறோம் என்பதை 1095இல் உணர்ந்தார். வெளியே தெரியாத பாவம் இது. எல்லாவற்றையும் விட்டுவிடக் காலையில் துணிவார். மாலையில் ஆசை அந்த உறுதியைக் கலைத்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதங்கள் இப்படியே கழிந்தன. கடைசியில் பேச நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். தம் பலம் மட்டும் போதாது என்றறிந்து இறைவனிடம் முறையிட்டார்.

பின்னர் பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதிச் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். தம் குறைக்குத் தீனி போட்ட இடத்தை விட்டே வெளியேறினார். டமாஸ்கஸ், ஜெருசலம், மக்கா, மதினா எனப் பயணம் தொடர்ந்தது.

அவருடைய ‘இஹ்யா’ என்னும் பெருநூலின் 40 பகுதிகளில் ஒன்று முழுக்க தவ்பா, அதாவது பாவமீட்சி பற்றியது. தவற்றின் கேட்டை அறிவது, மனம் வருந்துவது, உடனே விட்டு விலகி இனி செய்வதில்லை என உறுதி கொள்வது, பிறருக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்வது ஆகியவை அதில் அடங்கும். சிறு தவறும் தொடர்ந்தால் பெரிதாகும். சொட்டும் நீர் கல்லையே குழியாக்குகிறது அல்லவா? அதே சமயம், மீண்டும் சறுக்கியவன் நம்பிக்கை இழக்கக்கூடாது என்கிறார் அவர். சில நாள் பாடத்தில் தளர்ந்த மாணவன் அறிஞனாகவே முடியாது என்று நல்லாசிரியர் சொல்வதில்லை.

1106இல் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியரானார். தொழில் அதேதான், நோக்கம் மாறியிருந்தது. 1111இல் தூஸில் காலமானார். 18ஆம் நூற்றாண்டில் பாலெம்பாங் அறிஞர் அப்துல் சமாட் ‘இஹ்யா’வைத் தழுவி மலாயில் எழுதினார், அதன்வழி அந்தப் போதனை நம் வட்டாரத்துக்கும் வந்தது.

கோல சிலாங்கூரிலும் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களிலும் வளரும் இளையோரே, இரவில் கைத்தொலைபேசி உங்களைத் தவறான பக்கம் இழுக்கிறதா? அதைக் கூடத்தில் வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள். மறுபடி சறுக்கினால் மறுபடி எழுங்கள். இமாம் கஸ்ஸாலியின் வெற்றியும் ஒரே நாளில் வந்ததல்ல.