நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

முன்னுரை

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்கிறோம். எனினும் இயலுக்குக் கிடைத்த மதிப்பு நாடகத்திற்குப் பல நூற்றாண்டுகள் கிடைக்கவில்லை. கூத்தாடி என்னும் சொல் வசைச்சொல்லாகவே வழங்கிவந்தது. நாடகக்காரர் என்றால் நல்லோர் ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தோன்றி, பாமரரும் படித்தவரும் ஒருங்கே அமர்ந்து விடிய விடியக் கேட்கும் இசை நாடகங்களை எழுதியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அறிஞர் அவரைப் போற்றுவர். அவர்தம் வாழ்வினைச் சுருக்கமாகக் கூறி, அவருடைய நாடகங்களை மக்கள் ஏன் இத்துணை விரும்பினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். அதனால் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் தமிழ் பயின்றார். வெண்பா, கலித்துறை, விருத்தம், வண்ணம், சந்தம் ஆகியவற்றை விரைந்து பாடும் ஆற்றல் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது.

ஆனால் புலமை வயிற்றை நிரப்பவில்லை. தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சிலகாலம் பணியாற்றினார். உப்பு மூட்டைகளை எண்ணி எழுதிய அந்தக் கை, பிற்காலத்தில் ஒரு தலைமுறைக்கே நாடகம் எழுதிக் கொடுத்தது.

நாடக உலகில் நுழைதல்

1891-ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் மறக்க இயலாத ஆண்டாகும். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டில் வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை அவ்வாண்டில் நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில், 24 வயது இளைஞரான சங்கரதாஸ் கணக்கர் வேலையைத் துறந்து நாடக உலகில் புகுந்தார். மனோன்மணீயம் கற்றோர் படிப்பதற்கு உரியதாயிற்று. சுகுண விலாச சபை நகரத்துப் பட்டதாரிகளின் அரங்கமாயிற்று. சங்கரதாசோ ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டு நடித்த தொழில்முறைக் குழுக்களில் சேர்ந்தார். கல்யாணராமய்யர் குழு முதலிய குழுக்களில் நடிகராகவும் ஆசிரியராகவும் விளங்கினார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய அச்சம் தரும் வேடங்களே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. அவ்வேடங்களே அவர் நடிப்புக்கு முற்றுப்புள்ளியும் வைத்தன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த இரவு கழிந்து, விடியற்பொழுதில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, எதிரே வந்த கருவுற்ற பெண் ஒருத்தி அக்கோலத்தைக் கண்டு அதிர்ச்சியுற்று வீழ்ந்து உயிர் நீத்தாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கைதட்டலைத் தந்த கலையே ஓர் உயிரைப் பறித்ததாக எண்ணி அவர் நெஞ்சம் உடைந்தது. வேடம் புனைவதை விட்டார். துறவுக்கோலம் பூண்டு தலங்கள்தோறும் நடந்தார். சுவாமிகள் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது அதன் பின்னரே. இறுதிவரை அவர் இல்லறத்தில் புகவில்லை.

துறவியாகத் திரிந்த அவரைப் புதுக்கோட்டையில் தம்மோடு இருத்திக்கொண்டவர், கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. அவர் சுவாமிகளை மகனாகவே ஏற்றுக்கொண்டார். தாள நுட்பங்களில் அங்குப் பெற்ற பயிற்சி, ஏற்கெனவே கைவந்திருந்த சந்தப் புலமையோடு சேர்ந்தது. நடிகரை இழந்த நாடக உலகம் ஓர் ஆசிரியரைப் பெற்றது.

வாய்மொழியிலிருந்து ஏட்டிற்கு

அக்கால நாடகங்களுக்குப் பாடல் உண்டு. வரையறுத்த உரையாடல் பெரும்பாலும் இல்லை. கதையின் போக்கை மட்டும் அறிந்துகொண்டு மேடையேறும் நடிகர், தமக்குத் தோன்றியதைப் பேசுவார். வல்லவர் பேசினால் சுவை கூடும். அல்லாதவர் பேசினால் ஆபாசமும் சச்சரவுமே மிஞ்சும். இந்நிலையைச் சுவாமிகள் மாற்றினார். பாடலும் உரையாடலும் முறையாக அமைந்த முழு நாடகங்களை எழுதினார். அவர் எழுதியவை ஏறத்தாழ நாற்பது என்பர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, நல்லதங்காள், பிரகலாதன், இலவகுசா, சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி முதலியன அவற்றுள் புகழ்பெற்றவை. சேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டையும் சிம்பலினையும் அவர் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். கிறித்தவ மக்களிடையே வழங்கிய ஞானசௌந்தரியின் கதையையும் நாடகமாக்கினார். முருகனைப் பாடிய நாவு பிற சமயத்தாரின் கதையைப் பாடத் தயங்கவில்லை.

பிள்ளைகளின் ஆசிரியர்

1910-ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவைச் சுவாமிகள் தோற்றுவித்தார். வள்ளலார் தந்த அத்தொடர் அக்காலத் தமிழறிஞர் பலருடைய உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. நம் தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் மறைமலையடிகள் 1911-ஆம் ஆண்டு நிறுவிய அமைப்பின் பெயரும் சமரச சன்மார்க்க நிலையம் என்பதே. 1907-ஆம் ஆண்டிலேயே காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர் அடிகள். ஒருவர் பல்லாவரத்தில் நூல்களிடையே அமர்ந்தும், மற்றவர் கொட்டகைகளில் பிள்ளைகளிடையே அமர்ந்தும், ஒரே சொல்லைக் கொடியாகக் கொண்டு தமிழுக்குத் தொண்டாற்றினர் என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் மகிழ்கின்றது.

வளர்ந்த நடிகர் சிலர் ஒழுங்கிற்கு அடங்காமை கண்ட சுவாமிகள், சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்துவது நன்று எனக் கருதினார். 1918-ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அங்குச் சேர்ந்த பிள்ளைகளுள் டி.கே.எஸ். சகோதரர்களும் அடங்குவர். ஆறு வயதில் அவரிடம் வந்த டி.கே. சண்முகம், பின்னாளில் ஔவையாராக நடித்துப் பெரும்புகழ் பெற்றதை முதியோர் அறிவர். அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களோடு ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பாடம் கற்பிக்கையில் சுவாமிகள் கண்டிப்பானவர். ஒலிப்புப் பிழையை அவர் பொறுக்கமாட்டார். பள்ளிக்கூடம் செல்ல இயலாத ஏழைப் பிள்ளைகள் பலருக்கு நாடகக் குழுவே பள்ளிக்கூடமாயிற்று.

மக்கள் ஏன் விரும்பினர்?

இனி, அந்நாடகங்கள் மக்கள் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட காரணங்களைக் காண்போம்.

முதலாவது, கதைகள் மக்களுக்குச் சொந்தமானவை. சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டுப் பகுதிச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்துக் கேட்டு வளர்ந்தவர்க்கும், தென்பாண்டி நாட்டில் அல்லி கதையும் நல்லதங்காள் கதையும் கேட்டு வளர்ந்தவர்க்கும், முடிவு முன்னரே தெரியும். இனி என்ன நடக்கும் என்று அறிய அவர்கள் வரவில்லை. அது எவ்வாறு பாடப்படும் என்று கேட்கவே வந்தனர்.

இரண்டாவது, இசை. கருநாடக இராகங்களோடு சிந்து, கும்மி, தெம்மாங்கு ஆகிய நாட்டுப்புற மெட்டுகளையும் சுவாமிகள் கையாண்டார். பார்சி நாடகக் குழுக்கள் வடக்கிலிருந்து கொணர்ந்த இந்துஸ்தானி மெட்டுகளும் அக்கால மேடையில் கலந்தன. இலக்னோவில் ஆகா ஹசன் அமானத் 1850-களில் உருதுவில் இயற்றிய இந்திர சபா என்னும் இசை நாடகம் பார்சிக் குழுக்களின் வழியே நாடெங்கும் பரவியது. மராத்தியில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880-இல் சாகுந்தலத்தை இசை நாடகமாக்கினார். தமிழ் முஸ்லிம்களிடையே அலிபாதுஷா நாடகம் வழங்கியது. கிஸ்ஸா, நாமா போன்ற பாட்டிலக்கியங்களும் இராகத்தோடு படிக்கப்பெற்றன. நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்துப் புகழ்பெற்றவர்களுள் டி.எம். காதர் பாட்சாவும் ஒருவர். எனவே மேடை இசை எவர் ஒருவருக்கும் உரிய தனிச்சொத்தாக இருக்கவில்லை. கேட்டவர் அனைவரும் தத்தம் வீட்டு இசையின் ஒரு சாயலை அதில் கண்டனர்.

மூன்றாவது, வாதம். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் காட்சிக்காகவே வள்ளி திருமணம் காண வந்தோர் பலர். சாவித்திரி எமனோடு வாதிட்டுக் கணவன் உயிரை மீட்கிறாள். மதுரையை ஆளும் அல்லி அர்ஜுனனை எதிர்த்து நிற்கிறாள். தினைப்புனம் காக்கும் குறப்பெண் முக்காலம் உணர்ந்த முனிவருக்கு விடை சொல்கிறாள். வாழ்வில் வாய் திறக்க இயலாதவர், மேடையில் எளியவர் சொல்லால் வெல்வதைக் கண்டு மகிழ்ந்தனர். ஏட்டில் எழுதப்பட்ட உரையாடலின் எல்லைக்குள்ளேயே, வல்ல நடிகர் அவ்வப்போது புதிய வினாக்களை எழுப்பவும் இடம் இருந்தது. ஆதலால் நூறு முறை கண்டவரும் நூற்றோராவது முறை வந்தனர்.

நான்காவது, கல்வி. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. திருக்குறளையும் நீதி நூல்களையும் உரையாடலில் இழைத்துத் தந்த சுவாமிகளின் நாடகங்கள், எழுத்தறியாதாருக்குச் செவிவழி நூல்களாயின.

பாட்டு மிகுந்துவிட்டது, துன்பத்தில் துடிப்பவரும் இராகம் பாடுவது இயல்பன்று என்று குறை கூறுவோர் உண்டு. வசன நாடகத்தின் அளவுகோல் கொண்டு பார்த்தால் அது உண்மையே. ஆனால் நம் நாட்டுப் பெண்கள் இழவு வீட்டிலும் ஒப்பாரியாகவே துயரைக் கொட்டுகின்றனர். மகனை இழந்த சந்திரமதி சுடுகாட்டில் பாடும்போது அரங்கம் அழுதது அதனாலேயே. துயரம் நின்று நிதானித்துத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடமே பாட்டு.

இறுதி நாட்கள்

தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் சுவாமிகள் பக்கவாத நோய்க்கு ஆளானார். கை கால் முடங்கின; பேச்சும் நின்றது. எண்ணற்ற நடிகர்க்குச் சொல் வழங்கியவர் சொல்லற்றுக் கிடந்தார். ஆயினும் குழுவை விட்டு அவர் நீங்கவில்லை. பிள்ளைகளும் அவரைக் கைவிடவில்லை. குழு சென்ற ஊர்களுக்கெல்லாம் அவரும் சென்றார். தம் வரிகளைப் பிறர் பாடக் கேட்பதொன்றே அவருக்கு எஞ்சியிருந்தது. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அந்நகரின் கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் உள்ளது.

மறைவுக்குப் பின்

எழுதியவர் மறைந்த பின்னும் எழுத்து வளர்ந்தது. அவரிடம் பயின்ற எஸ்.ஜி. கிட்டப்பாவும், கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் இலங்கையிலும் தமிழகத்திலும் மக்களை மயக்கியது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசை வரை கிட்டப்பாவின் குரல் எட்டியது. அக்குரல் 1933-இல், அவருடைய 27-ஆம் வயதில் ஓய்ந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் எஸ்.எஸ். விசுவநாததாஸ், பறவை விரட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்குகளை விரட்டுவதாகப் பாடி ஆங்கில ஆட்சியைச் சாடினார். பன்முறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமணக் கதை ஒன்று விடுதலைக் கதையாக மாற முடிந்ததெனில், சுவாமிகள் அமைத்த வடிவத்தின் நெகிழ்ச்சியே அதற்குக் காரணம்.

பேசும் படம் வந்தபோதும் மேடை நாடகங்களே அதற்குக் கதை கொடுத்தன. எம்.கே. தியாகராச பாகவதர் திரையில் முதன்முதல் தோன்றியது 1934-இல் வெளிவந்த பவளக்கொடியில். தமிழ்த் திரைப்படத்தில் பாட்டு இன்றளவும் நீங்கா இடம்பெற்றிருப்பதன் வேர், இந்த நாடகக் கொட்டகைகளில் இருக்கிறது எனலாம்.

முடிவுரை

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளின் கோயில் விழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் நடிக்கப்படுகிறது. ஒவ்வோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து சேரும் நடிகர்கள், ஒத்திகையே இன்றி அன்றிரவே ஒன்றாக மேடையேறுகின்றனர். அது அவர்களால் இயல்வது, சுவாமிகளின் பாடம் அனைவர்க்கும் பொதுவாக மனத்தில் இருப்பதால்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவர் எழுதியவற்றுள் பல நாடகங்கள் நமக்குக் கிட்டவில்லை. கிட்டியவற்றையேனும் பாட நூலாக மட்டும் வைத்துவிடாமல், பாடியும் நடித்தும் பார்ப்பது தமிழ் பயிலும் மாணவர் கடமையாகும். தாம் மேடையை விட்டு இறங்கி, பிறரை மேடை ஏற்றியவர் சுவாமிகள். தம் குரல் ஓய்ந்தபின்னும் பிள்ளைகளின் குரலில் அவர் வாழ்கிறார். நல்லாசிரியர் எவருக்கும் இதனினும் பெரிய பேறு வேறில்லை.