கல்லைப் பேச வைத்த கவிஞர்

1779-ம் ஆண்டு. ரோமாபுரிக்கு அருகேயுள்ள திவோலி என்னும் ஊரில் பழைய மாளிகை ஒன்றின் இடிபாடுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து சலவைக்கல் தலை ஒன்று வெளிவந்தது. தலைக்கவசம், சுருண்ட தாடி, அமைதி ததும்பும் முகம். தூணில் கிரேக்க எழுத்துக்கள். ஸாந்திப்பஸின் புதல்வரான ஏதென்ஸ் நகரத்துப் பெரிக்ளீஸ் இவர் என்று அவை கூறின.

ஏதென்ஸின் பொற்காலத்துக்குத் தலைமை தாங்கிய அந்தப் பெரியார் மறைந்து அப்பொழுதே 2,200 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பெயரை உலகம் அறிந்திருந்தது. முகத்தைத்தான் அறியாமல் இருந்தது. கிடைத்தது ரோமானியச் சிற்பி ஒருவர் செய்த பிரதிதான். ஆனாலும் அதுவே பெரிய பொக்கிஷம் அல்லவா?

அந்தக் கல் முகம், 25 வயது வாலிபர் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அவர்தாம் வின்சென்ஸோ மோன்டி.

புதையல் யுகம்

வட இத்தாலியில் ராவென்னாவை அடுத்த அல்ஃபொன்ஸினே கிராமத்தில் 1754 பிப்ரவரி 19-ந் தேதி மோன்டி பிறந்தார். பையனைப் பாதிரியாராக்கலாம் என்று ஃபயென்ஸாவிலிருந்த குருமடப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு ஃபெராரா சர்வகலாசாலைக்கு அனுப்பினார்கள். அவருக்கோ கவிதை ஒன்றிலேதான் நாட்டம். அந்த ஒரே மூலதனத்துடன் 1778-ல் ரோமாபுரி வந்து சேர்ந்தார்.

அது புதைபொருள்களின் யுகம். எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த ஹெர்குலேனியம் நகரை 1738-லும் பாம்பியை 1748-லும் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். ஜெர்மானிய அறிஞர் வின்கெல்மன் 1764-ல் வெளியிட்ட பண்டைக் கலை வரலாறு, கிரேக்கச் சிற்பத்தின் எளிமையையும் அமைதியையும் ஐரோப்பாவுக்கு எடுத்துக் காட்டியது. ரோமாபுரியிலோ, மண்ணிலிருந்து கிடைத்த சிலைகளுக்கென்றே போப்பாண்டவர்கள் வாட்டிகன் அரண்மனையில் காட்சிசாலை ஒன்றை எழுப்பி வந்தார்கள்.

சிற்பிகளும் சித்திரக்காரர்களும் பழமையைத் தேடி ஓடினார்கள். கவிஞர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? மோன்டி ஒரு புது யுக்தி செய்தார். பெரிக்ளீஸைப் பற்றி அவர் பாடவில்லை. பெரிக்ளீஸையே பேச வைத்தார்.

கல்லின் குரல்

'பெரிக்ளீஸின் பேச்சு' என்று பொருள்படும் அந்தக் கவிதையில், இருட்டிலிருந்து எழுந்து வரும் சிலை தன் கதையைத் தானே சொல்கிறது. ஏதென்ஸின் பெருமையை நினைவுகூர்கிறது. அந்நகரம் அழிந்ததையும் தான் மண்ணில் புதைந்ததையும் கூறி வருந்துகிறது. முடிவில், தன் காலத்துச் சிறப்பெல்லாம் ஆறாம் பயஸ் போப்பாண்டவரின் ஆட்சியில் திரும்பி வந்துவிட்டதாக மகிழ்கிறது!

புகழ்ச்சி வீண்போகவில்லை. போப்பாண்டவரின் மருமகன் லூயிஜி பிராஸ்கி பிரபு, மோன்டியைத் தம் காரியதரிசியாக்கிக்கொண்டார். 1791-ல் மோன்டி மணந்த தெரேஸாவும் பழங்கலையின் நிழலில் வளர்ந்த பெண்தான். அவளுடைய தந்தை ஜோவன்னி பிக்லர் இரத்தினக் கற்களில் உருவங்கள் செதுக்குவதில் நிபுணர். புராதனக் கல் எது, அவர் செதுக்கியது எது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம்.

மாறிய காற்று

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் பிரெஞ்சுப் பிரதிநிதி பாஸ்வில் என்பவரை ரோமாபுரி ஜனங்கள் கொன்றார்கள். அதை வைத்துப் புரட்சியைக் கண்டித்து மோன்டி ஒரு காவியம் தொடங்கினார். அதை முடிக்கவில்லை. 1797-ல் நெப்போலியனின் தளகர்த்தர் மார்மோன்டுடன் ரோமாபுரியைவிட்டே கிளம்பிவிட்டார்!

அதே ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி, அப்பாலோ, லாவகூன் முதலிய உலகப் புகழ்பெற்ற சிலைகள் வாட்டிகனிலிருந்து பாரிஸுக்கு வண்டியேறின. ஆறாம் பயஸ் 1799-ல் பிரான்ஸில் சிறைக்கைதியாகவே உயிர்நீத்தார். எவருடைய ஆட்சியைப் பெரிக்ளீஸின் வாயால் மோன்டி புகழ்ந்தாரோ அவருக்கு இந்தக் கதி. புகழ்ந்தவரோ எதிர்முகாமில்!

பின்னர் மோன்டி நெப்போலியன் அரசின் ஆஸ்தான கவியானார். நெப்போலியன் வீழ்ந்ததும், 1816-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியை வரவேற்று ஒரு நாடகம் எழுதினார். காற்றடித்த பக்கமெல்லாம் சாய்ந்தவர் என்ற பழிச்சொல் அவரைவிட்டு நீங்கவில்லை. கல்லுக்கு உறுதியான குரல் கொடுத்தவர், தம் குரலை அதிகாரத்துக்கு இரவல் கொடுத்தார்.

நிலைத்தது எது?

ஆனால் ஒரு பற்றை மட்டும் அவர் மாற்றவே இல்லை. இளமையில் அந்தக் கல் முகம் மூட்டிய கிரேக்க மோகம் கடைசிவரை தணியவில்லை. ஹோமரின் இலியட் காவியத்தை இத்தாலியக் கவிதையாக்கி 1810-ல் வெளியிட்டார். கிரேக்க மொழியில் அவருக்குப் போதிய தேர்ச்சி இல்லை. லத்தீன் மொழிபெயர்ப்புகளின் துணை கொண்டே எழுதினார். நண்பராக இருந்து பகைவராகிவிட்ட கவிஞர் ஃபோஸ்கொலோ இதைக் குத்திக்காட்டிக் கேலி செய்தார். ஆனால் வாட்டிகன் சிலைகளை ஆராய்ந்து விவரித்து, பின்னர் பாரிஸ் காட்சிசாலையில் பணியாற்றிய பேரறிஞர் என்னியோ விஸ்கோன்டி, அந்த நூலைப் படித்துத் திருத்தங்கள் சொல்லி உதவினார். தலைமுறை தலைமுறையாக இத்தாலிய மாணவர்கள் ஹோமரை மோன்டியின் வாய்மொழியாகவே படித்தார்கள்.

1826-ல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. 1828 அக்டோபர் 13-ந் தேதி மிலான் நகரில் காலமானார்.

போப்பாண்டவரையும் நெப்போலியனையும் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியையும் பாடிய பாட்டுகளை இன்று தேடிப் படிப்பவர் சிலரே. இலியட் மட்டும் நின்றுவிட்டது. வாட்டிகனில் கலைத்தேவியர் மண்டபத்தில் பெரிக்ளீஸ் இன்றும் கவசமணிந்து நிற்கிறார். தம்மைப் பேச வைத்த கவிஞர் எத்தனை எஜமானர்களை மாற்றினார் என்பது அவருக்குத் தெரியாது.