கியூரி அம்மையாரின் வகுப்பு

ரேடியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மேரி கியூரி அம்மையார். 1903, 1911 என இருமுறை நோபல் பரிசு பெற்ற இம்மேதை, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதைப் பலர் அறியார்.

1867இல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தார். ருஷ்யர் ஆட்சியிலிருந்த அந்நகரின் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்காவைப் பாரிஸில் மருத்துவம் படிக்கவைக்க, 1886இல் ஒரு கிராமத்திற்கு வீட்டு ஆசிரியையாகச் சென்றார். அங்கு ஏழை உழவர்களின் குழந்தைகளுக்கு மறைவாகத் தாய்மொழி எழுத்துகளையும் கற்பித்தார். ஆட்சியாளர் அறிந்தால் கடுந்தண்டனை! அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை.

1891இல்தான் அவரும் பாரிஸ் சென்று படிக்க முடிந்தது. 1906இல் கணவர் பியரி விபத்தில் இறந்தார். அத்துயரிலும், அடுத்த ஆண்டு முதல், பேராசிரிய நண்பர்களின் பிள்ளைகள் சுமார் பத்துப் பேருக்கு இயற்பியல் நடத்தினார். எல்லாம் செய்து பார்க்கும் சோதனைகளே.

ஒருநாள், பாத்திரத்திலுள்ள சுடுநீர் ஆறாதிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டாராம். கம்பளி சுற்றலாம் என்றெல்லாம் பிள்ளைகள் யோசிக்க, முதலில் மூடியை எடுத்து மூடுவேன் என்றாராம் அம்மையார். நம் அம்மாக்கள் தினமும் செய்வதுதானே!

அவ்வகுப்பில் படித்த மகள் ஐரீன், 1935இல் தம் கணவருடன் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதைக் காண அம்மையார் இல்லை. 1934 ஜூலை 4ஆம் நாள் காலமாகியிருந்தார்.