தளிர் பார்த்த மாணவர்

தமிழ் ஜைனர் இல்லங்களில் சீவக சிந்தாமணியின் அச்சுப் பிரதி இருக்குமாயின், அதன் முகப்பில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்ற பெயரும் இருக்கும். பிறப்பால் வைதிக அந்தணரான அப்பெரியார், நம் தேவரின் காப்பியத்தை உலகுக்கு அளித்ததற்கு முன் எத்தனை காலம் காத்திருந்தார், எவ்வெவரிடம் மாணவராய் அமர்ந்தார் என்பதை இளையோர் அறிதல் நலம்.

அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். உத்தமதானபுரம் குடும்பத்தின் ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; பிழைப்பை நாடி ஊர் ஊராகச் சென்றவர். அதனால் சாமிநாதருடைய கல்வியும் ஓரிடத்தில் நிலைபெறவில்லை. அரியலூரிலும் குன்னத்திலும் கிடைத்த ஆசிரியரிடம் கிடைத்த நூலைக் கற்றார். 1871இல், பதினேழாம் வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார்.

அங்கே சென்றவுடன் எண்ணியது கிட்டவில்லை. பலர் ஆவலோடு வந்து, சில நாள் கற்று, சொல்லாமலே போய்விடுவதைப் பிள்ளையவர்கள் கண்டிருந்தார். ஆகவே புதிய மாணவருக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணவரிடம் ஒப்புவித்தார். நைடதம் நடந்தது. குருவின் வாயால் கேட்க வந்தவருக்குச் சக மாணவரே ஆசிரியரானார். இவ்விடத்தில் பொறாமை கொள்வதற்கும், மனம் கசந்து ஊர் திரும்புவதற்கும் காரணம் இருந்தது. சாமிநாதர் இரண்டும் செய்யவில்லை. குருநாதருடைய வழக்கங்களைக் கவனித்தார்.

பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து வளர்த்து வந்தார். அவை புதுத் தளிர் விட்டிருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்ப்பதில் அவருக்குப் பேரார்வம். இதை அறிந்த மாணவர் விடியுமுன்பே எழுந்து தோட்டத்துக்குச் சென்று, எந்தக் கிளையில் எந்தத் தளிர் அரும்பியிருக்கிறது என்று தேடிக் குறித்துக்கொள்வார்; ஆசிரியர் வந்ததும் அவற்றைக் காட்டுவார். நேற்று வெறுங்கிளையாய் இருந்த இடத்தில் இன்று ஒரு சிவந்த முனை, அவ்வளவுதான். அதைக் கண்டு மகிழும் ஆசிரியரும் மாணவரும் அத்தோட்டத்திலேயே நெருக்கமாயினர். அந்நெருக்கத்தில் ஒருநாள் தம் வேட்கையைத் தெரிவித்தார். பிள்ளையவர்கள் தாமே பாடம் சொல்லத் தொடங்கினார். நம் வீடுகளில் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை முதலில் விசாரிக்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இத்தோட்டம் நினைவுக்கு வரும்.

1876இல் ஆசிரியர் மறையும் வரை அந்தக் கல்வி நடந்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்கினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றால் என்ன பயன் என வினவி, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டார். அந்நூல்களைச் சாமிநாதையர் கண்ணாலும் கண்டதில்லை.

கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! ஆயினும் முதலியார் தந்த பிரதியைப் பெற்று, இருபத்தைந்தாம் வயதில் மீண்டும் மாணவரானார். சித்தரைப் போற்றும் கடவுள் வாழ்த்திலேயே பொருள் விளங்காமல் நின்றார். சைவ நூல்களில் வளர்ந்தவருக்கு ஜைன பரிபாஷை முற்றிலும் புதியது. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் வாழ்வதை அறிந்து அவர்கள் இல்லம் தேடிச் சென்றார். அங்கே மங்கலத் தோரணங்களைக் கண்டு விசேஷம் என்னவென்று கேட்க, சிந்தாமணிப் படனம் அன்று பூர்த்தியாயிற்று என்று விடை வந்தது. தாம் ஏட்டில் முட்டி மோதிய நூலை, இல்லறத்தார் பக்தியோடு படித்து நிறைவு செய்வதைக் கண்டு அவர் மெய்சிலிர்த்தார்.

அதன்பின் சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்களிடம் ஐயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். இவருடைய அடக்கத்தைக் கண்ட ஜைன அம்மையார் ஒருவர் இவரைப் பவ்ய ஜீவன் என்றே கருதினார். நச்சினார்க்கினியரைப் பற்றியும் இத்தகைய செவிவழிச் செய்தி ஒன்று உண்டு: அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை; பின்பு சிற்றாமூர் சென்று நம் சமய நூல்களைக் கற்று இரண்டாம் முறை உரை வகுத்தார் என்பர். கதையோ, நிகழ்ச்சியோ, சாமிநாதையர் நடந்தது அதே வழியில்.

இதற்கிடையே சி. வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தை வெளியிட்டு, அடுத்தடுத்துப் பதிப்புகளைக் கொணர்ந்துகொண்டிருந்தார். வயதில் இருபதுக்கு மேல் மூத்தவர். பதிப்புத் துறையில் முன்னோடி. சிந்தாமணியையும் தாமே பதிப்பிக்க விரும்பிக் கேட்டார். அவருடைய விரைவைத் தமக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தால், சாமிநாதையர் அரைகுறையாக அச்சேற்றியிருப்பார், அல்லது சோர்ந்து ஏடுகளைக் கொடுத்திருப்பார். அவரோ பிரதிக்குப் பிரதி பாடபேதம் பார்த்துக்கொண்டே இருந்தார். 3,145 செய்யுட்கள் கொண்ட காப்பியம் நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் முழுமையாக வெளிவந்தது. முதலியாரின் கேள்விக்குப் பின் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். 1942 ஏப்ரல் 28இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

பட்டம் பெற்ற மறு ஆண்டே, 1907இல், சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. இருபது ஆண்டுகளில் கிடைத்த புதிய ஏடுகளோடு தம் பதிப்பைத் தாமே மறுபடியும் ஒப்புநோக்கித் திருத்தியிருந்தார்.