முற்றுப்பெறாத அகராதியும் நிறைவான வாழ்வும்



பரீட்சை முடிந்தால் நிம்மதி, உத்தியோகம் கிடைத்தால் நிம்மதி, பிள்ளை வெளிநாடு போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்று மகிழ்ச்சியை நாளைக்கு ஒத்திவைப்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த நாளை வந்ததும் மகிழ்ச்சி இன்னுமொரு நாளைக்குத் தள்ளிப்போகிறது. அப்படியானால் ஆசைகளை விட்டுவிடுவதா? வேண்டியதில்லை. நம் மண்ணின் மைந்தர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் வாழ்வைச் சற்றே நோக்குங்கள்.

1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் வைத்திலிங்கம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தபின் கத்தோலிக்கராக வளர்ந்தார். வாலிபத்தில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் உத்தியோகம் கிடைத்தது. பலரும் விரும்பும் அந்த உத்தியோகத்தைத் துறந்து 1895இல் குருமடம் புகுந்தார். 1901 டிசம்பர் 1ஆம் நாள் அமல மரித் தியாகிகள் சபைக் குருவாகத் திருநிலை பெற்றார்.

தமிழ்ச் சொற்களின் வேர்களைக் கண்டறிந்து, பிற மொழிச் சொற்களோடு ஒப்பிட்டுப் பேரகராதி ஒன்று ஆக்க வேண்டுமென்பது அவரது பெரும் இலட்சியம். அதற்காகப் பல மொழிகளைக் கற்றார். ஆயினும் அந்த இலட்சியத்தைக் காட்டி அன்றன்றைய கடமையை அவர் தட்டிக்கழிக்கவில்லை. நல்லூரை மையமாகக் கொண்டு நீண்ட காலம் மறைப்பணி புரிந்தார், ஆலயங்களை எழுப்பினார், மக்களுக்கு மறையுண்மைகளைப் போதித்தார். இடையே வரலாற்று நூல்களும் எழுதினார். யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வெளிவந்தது.

அகராதியின் முதற் பகுதி 1938இல் அச்சேறியபோது அவருக்கு வயது 62 கடந்திருந்தது. இனி முடிக்க முடியுமா என்று கணக்குப் பார்த்திருந்தால் அவர் தொடங்கியே இருக்கமாட்டார். ஒவ்வொரு பகுதியாக வெளியிட்டுக்கொண்டே போனார். 1947 ஜனவரி 22ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது அகராதி முற்றுப்பெறவில்லை. அதனால் அவர் உழைப்பு வீணாயிற்றா? வெளிவந்த பகுதிகள் பின்வந்த ஆய்வாளருக்குப் பயன்பட்டன. அவர் தொண்டாற்றிய மக்களும் அகராதி முடியும்வரை காத்திருக்க நேரவில்லை.

ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சிந்தித்துப் பாருங்கள். இறையரசு வரவேண்டுமென்ற மாபெரும் ஆசையும், இன்றைக்கு வேண்டிய உணவுக்கான சிறு வேண்டுதலும் அதில் அருகருகே இருக்கின்றன. பெரியதை ஆசிப்பதும் இன்றையதில் மனநிறைவு கொள்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை உயர்ந்த இலக்கை நாடட்டும். ஆனால் பெறுபேறு வரும்வரை வீட்டின் சிரிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். இன்றிரவு குடும்ப செபத்தில், நாளைக்கு வேண்டியதைக் கேட்குமுன், இன்று பெற்றதற்கு நன்றி கூறுங்கள்.