யார் இந்த எமி நோதர்? சம்பளமே வாங்காமல் 15 ஆண்டுகள் உழைத்த கணித மேதையின் கதை

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். கணித வகுப்புக்கான அறிவிப்பில் பாடம் நடத்துபவர் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் என்று போட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில், உதவிக்கு டாக்டர் எமி நோதர் என்றும் இருக்கும்.

ஆனால் மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து சாக்பீஸைக் கையில் எடுப்பது ஹில்பர்ட் இல்லை, அந்த 'உதவியாளர்'தான். காரணம் ரொம்ப எளிமையானது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் பாடம் நடத்த அனுமதி கிடையாது.

இயற்பியல் இன்றைக்கும் சாய்ந்து நிற்கும் ஒரு தேற்றத்தைத் தந்தவர், நவீன இயற்கணிதத்தின் போக்கையே மாற்றியவர் இவர். அப்படிப்பட்ட ஒருவர் ஏன் இன்னொருவர் பெயருக்குப் பின்னால் நின்று பாடம் எடுக்க வேண்டியிருந்தது? விரிவாகப் பார்ப்போம்.

டீச்சர் வேலை கையில் இருந்தது... ஆனால்!

எமி நோதர் பிறந்தது 1882 மார்ச் 23 அன்று, ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில். அப்பா மாக்ஸ் நோதர், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற கணிதப் பேராசிரியர். அம்மா ஐடா, கொலோன் நகரின் வசதியான வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நான்கு பிள்ளைகளில் எமிதான் மூத்தவர். மற்ற மூவரும் தம்பிகள்.

வீட்டிலேயே ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தும், பள்ளியில் எமி கணிதத்துக்காகப் பேசப்பட்டவர் இல்லை. அந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளைப் போலவே மொழிப் பாடங்கள், பியானோ, நடனம் என்றுதான் வளர்ந்தார். 1900-ல் பெண்கள் பள்ளிகளில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றுக்கொடுப்பதற்கான தேர்வை எழுதி, நல்ல தரத்தில் தேறினார். மொழி ஆசிரியை வேலைக்கான தகுதி கைக்கு வந்துவிட்டது. 18 வயதுதான்.

அங்கேதான் திருப்பம். அந்த வேலைக்குப் போகாமல், அப்பா பாடம் எடுத்த எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்கே படிக்கப் போகிறார் எமி. ஆனால் பெண்களை முழு மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே அப்போது இல்லை. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாகப் போய் அனுமதி கேட்க வேண்டும். அவர் சரி என்றால், வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். அவ்வளவுதான். அந்த 986 பேரில் பெண்கள் மொத்தமே 2 பேர். அதில் ஒருவர் எமி.

பிறகு விதி மாறுகிறது. 1904-ல் முறைப்படி சேர்ந்து படித்து, 1907-ல் பால் கோர்டன் என்ற பேராசிரியரிடம் முனைவர் பட்டம் பெறுகிறார். அந்த ஆய்வேட்டில் 300-க்கும் மேற்பட்ட 'இன்வேரியன்ட்'களை, அதாவது ஒரு சமன்பாட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் மாறாத கோவைகளை, கணக்கிட்டு வரிசைப்படுத்தியிருந்தார். பக்கம் பக்கமாகக் கணக்கு. பின்னாளில் இந்த ஆய்வை அவரே குப்பை என்று ஒதுக்கினார் என்பது தனிக்கதை.

டாக்டர் பட்டம் உண்டு, சம்பளம் கிடையாது

1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் அவர் ஆராய்ச்சி செய்தார், பாடமும் எடுத்தார். அப்பாவின் உடல்நிலை குன்றியபோது அவருக்குப் பதிலாக வகுப்புக்குப் போனார். இதற்கெல்லாம் பதவியும் கிடையாது, சம்பளமும் கிடையாது. குடும்பம் கைகொடுத்ததால் வாழ்க்கை ஓடியது.

1915-ல் கோட்டிங்கனிலிருந்து அழைப்பு வருகிறது. அழைத்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அந்தக் காலத்துக் கணித உலகின் இரண்டு தூண்களான பெலிக்ஸ் க்ளைனும் டேவிட் ஹில்பர்ட்டும்தான். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டில் ஆற்றல் பற்றிய ஒரு சிக்கல் அவர்களைக் குழப்பிக்கொண்டிருந்தது. இன்வேரியன்ட் கணிதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார்.

எமி போனார். ஆனால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமைக்கு விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள் தத்துவம், மொழி, வரலாறு பேராசிரியர்கள். போர் முடிந்து திரும்பும் ராணுவ வீரர்கள் ஒரு பெண்ணிடமா பாடம் படிப்பார்கள் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. விண்ணப்பதாரர் ஆணா பெண்ணா என்பது இங்கே ஒரு விஷயமே இல்லை என்று ஹில்பர்ட் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அதனால் கண்டுபிடித்த வழிதான் அந்த அறிவிப்பு. பெயர் ஹில்பர்ட்டுடையது, பாடம் எமியுடையது.

அப்படி என்னதான் கண்டுபிடித்தார்?

பாடம் நடத்தும் உரிமைகூட இல்லாத இந்தக் காலத்தில்தான், 1918-ல், எமி தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிடுகிறார். இன்று அது 'நோதர் தேற்றம்' என்று அழைக்கப்படுகிறது.

ஒரு கேரம் போர்டை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

• ஸ்ட்ரைக்கரை இன்று சுண்டினாலும், அதேபோல் நாளை சுண்டினாலும் இயற்கையின் விதி ஒன்றுதான். காலம் மாறினாலும் விதி மாறுவதில்லை. இதிலிருந்து கிடைப்பது ஆற்றல் அழிவின்மை விதி.

• போர்டை ஹாலில் வைத்து ஆடினாலும் மொட்டை மாடியில் வைத்து ஆடினாலும் விதி ஒன்றுதான். இடம் மாறினாலும் விதி மாறுவதில்லை. இதிலிருந்து கிடைப்பது உந்த அழிவின்மை விதி.

• போர்டை கிழக்கு பார்த்துப் போட்டாலும் வடக்கு பார்த்துப் போட்டாலும் விதி ஒன்றுதான். திசை மாறினாலும் விதி மாறுவதில்லை. இதிலிருந்து கிடைப்பது கோண உந்த அழிவின்மை விதி.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அது ஏன் என்ற கேள்விக்கு அடிப்படையான கணித விளக்கம் கொடுத்தவர் எமி நோதர். இயற்கையின் விதிகளில் இப்படித் தொடர்ச்சியான சமச்சீர் ஒன்று இருந்தால், அதற்கு ஈடாக மாறாத ஓர் அளவும் இருந்தே தீரும் என்பதுதான் தேற்றத்தின் சாரம். அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிய இன்றைய கோட்பாடுகள்வரை இந்தப் பாதையில்தான் நடக்கின்றன.

1919-ல், போர் முடிந்து ஜெர்மனியில் ஆட்சிமுறையே மாறிய பிறகு, எமிக்குச் சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் உரிமை கிடைக்கிறது. 1922-ல் பேராசிரியர் என்ற பட்டமும் வருகிறது. ஆனால் அது வெறும் பட்டம்தான். முதல் முறையாக ஒரு சிறிய சம்பளம் கிடைத்தது 1923-ல். அப்போது அவருக்கு வயது 41. டாக்டர் பட்டம் வாங்கிப் பணியைத் தொடங்கி 15 ஆண்டுகள் ஓடியிருந்தன.

கணக்குப் போடுவதல்ல கணிதம்

1920-களில் எமி நோதர் முழுமூச்சாக இறங்கியது இயற்கணிதத்தில். அதுவரை இயற்கணிதம் என்றால் பெரும்பாலும் சமன்பாடு, அதன் தீர்வு, நீளமான கணக்கு. எமியின் கேள்வியே வேறு. எண்கள், பல்லுறுப்புக் கோவைகள், கடிகாரக் கணக்கு (அங்கே 10-உடன் 5-ஐக் கூட்டினால் 3) என எல்லாமே வேறு வேறாகத் தெரிகின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் எவை? அந்தப் பொது விதிகளிலிருந்து மட்டுமே எதையெல்லாம் நிரூபிக்க முடியும்?

1921-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டது. அதன் மையக் கருத்தை ஓர் எளிய உதாரணத்தில் சொல்லலாம். 24-ன் மடங்குகள் எல்லாம் 12-ன் மடங்குகளுக்குள் அடங்கும். 12-ன் மடங்குகள் 6-ன் மடங்குகளுக்குள் அடங்கும். 6 போய் 3-க்குள், 3 போய் 1-க்குள். அதற்கு மேலே போக இடமில்லை. ஏணி முடிந்துவிடுகிறது. இப்படி எந்த ஏணியில் ஏறினாலும் ஒரு கட்டத்தில் நின்றே ஆக வேண்டிய அமைப்புகளுக்கு 'நோதரியன் வளையம்' என்று பெயர். கணிதத்தில் முதுகலை படிக்கும் மாணவர்கள் இந்தப் பெயரைத் தாண்டாமல் போக முடியாது.

எப்படிப்பட்ட ஆசிரியர்?

எமி நோதரின் வகுப்பு எல்லோருக்கும் ஒத்துவரும் வகுப்பு இல்லை. மனசுக்குள் ஓடும் வேகத்திலேயே பேசுவார். தயாரித்து வந்த பாடத்தை ஒப்பிக்கும் பழக்கம் கிடையாது. இன்னும் தீராத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மாணவர்களோடு சேர்ந்தே அதைத் துருவ ஆரம்பித்துவிடுவார். புதிதாக வந்தவர்கள் மிரண்டு ஓடியதும் உண்டு. தாக்குப்பிடித்தவர்களோ அவரை விட்டு நகரவே இல்லை.

ஒருமுறை விடுமுறை நாளில் பல்கலைக்கழகக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. வகுப்பை ரத்து செய்வார் என்று பார்த்தால், வாசற்படியிலேயே எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, காட்டு வழியாக நடத்திக் கூட்டிப்போய், ஒரு காபிக் கடையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். நடந்துகொண்டே கணிதம் பேசுவதும், வீட்டுக்கு அழைத்துச் சாப்பிட வைத்துக் கணிதம் பேசுவதும் அவருக்கு வழக்கமாகவே இருந்தது. அவரைச் சுற்றியிருந்த இளைஞர் பட்டாளத்தை 'நோதரின் பையன்கள்' என்றே மற்றவர்கள் அழைத்தார்கள். ஆனால் கோட்டிங்கனில் அவரிடம் முதலில் முனைவர் பட்டம் வாங்கியவர் ஒரு பெண், கிரெட்டே ஹெர்மன்.

இன்னொரு முக்கியமான விஷயம், தன் யோசனைகளை எமி யாரிடமும் மறைத்து வைத்ததில்லை. அவருடைய வகுப்பிலும் பேச்சிலும் பிறந்த பல கருத்துகள் மாணவர்கள், சக ஆய்வாளர்கள் பெயரில்தான் அச்சில் வந்தன. நெதர்லாந்திலிருந்து வந்து அவரிடம் படித்த வான் டெர் வார்டன், எமியின் பாடங்களையும் எமில் ஆர்ட்டினின் பாடங்களையும் அடிப்படையாக வைத்து 1930-31-ல் 'நவீன இயற்கணிதம்' என்ற இரண்டு பாக நூலை எழுதினார். உலகம் முழுக்க இயற்கணிதம் கற்பிக்கும் முறையையே மாற்றிய புத்தகம் அது. எமி நோதரைப் பார்த்தே இராத மாணவர்களும் அவருடைய பாணியில் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

1932-ல் சூரிச் நகரில் நடந்த சர்வதேசக் கணித மாநாட்டில் முழு அமர்வில் உரையாற்ற அழைக்கப்பட்டார். அந்த மேடையில் அப்படிப் பேசிய முதல் பெண் அவர்தான். இத்தனைக்குப் பிறகும் கோட்டிங்கனில் நிரந்தரப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1933: இருந்த கொஞ்சமும் பறிபோனது

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வருகிறார். ஏப்ரல் 7-ம் தேதி, யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வருகிறது. அதே மாதம் கோட்டிங்கனில் நிறுத்தப்பட்டவர்களில் எமி நோதரும் ஒருவர். யூதர் என்பதோடு, இடதுசாரி ஆதரவாளர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. 1928-29 குளிர்காலத்தில் மாஸ்கோ போய்ப் பாடம் நடத்தியவர் அவர்.

வேலை போனதும் அவர் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வகுப்பு அங்கே தொடர்ந்தது. அப்படி வந்தவர்களில் ஒரு மாணவர் நாஜிப் படையின் பழுப்புச் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார். எமி முகம் சுளிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. பாடத்தை நடத்தினார். அந்த நெருக்கடியான மாதங்களில் தன்னைவிட மற்றவர்களைப் பற்றியே அவர் அதிகம் கவலைப்பட்டார் என்று உடனிருந்த கணித அறிஞர் ஹெர்மன் வைல் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கடைசி இரண்டு ஆண்டுகள்

ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பிரின் மார் பெண்கள் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1933 இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தார். கணிதத் துறையை நடத்தியவரும் ஒரு பெண்தான், அன்னா பெல் வீலர். வாழ்க்கையில் முதல் முறையாக, பெண் என்பது ஒரு குறையாகப் பார்க்கப்படாத இடத்தில் எமி பாடம் நடத்தினார். 1934 முதல் வாரம் ஒருமுறை பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்துக்கும் போய் விரிவுரை ஆற்றினார். ஐன்ஸ்டீன் அப்போது அங்கேதான் இருந்தார்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 1935 ஏப்ரலில் வயிற்றில் இருந்த கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்தது. தேறி வருவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் திடீரெனக் காய்ச்சல் ஏறி, ஏப்ரல் 14 அன்று உயிர் பிரிந்தது. வயது 53. அவருடைய அஸ்தி பிரின் மார் கல்லூரி நூலக முற்றத்தைச் சுற்றியுள்ள நடைபாதையின் கீழ் வைக்கப்பட்டது. அடுத்த மாதமே ஐன்ஸ்டீன் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பெண்களுக்கு உயர்கல்வி திறந்துவிடப்பட்டதிலிருந்து தோன்றிய படைப்பாற்றல் மிக்க கணித மேதைகளில் எமி முதன்மையானவர் என்று புகழ்ந்தார்.

கணிதப் பேராசிரியரான தம்பி ஃபிரிட்ஸ் நோதரின் முடிவு இன்னும் கொடுமையானது. நாஜிகளிடமிருந்து தப்பி சோவியத் நாட்டின் டோம்ஸ்க் நகருக்கு வேலைக்குப் போனவர், அங்கே 1937-ல் கைது செய்யப்பட்டு, 1941-ல் மரண தண்டனைக்கு ஆளானார். அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமே இல்லை என்று 1988-ல் சோவியத் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

பெயர் இல்லாதவரின் பெயர்

இன்று நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். ஜெர்மனியில் இளம் ஆய்வாளர்கள் சொந்தமாக ஆய்வுக்குழு நடத்தத் தரப்படும் நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர். இந்தத் திட்டம் தருவது எமிக்குப் பல ஆண்டுகள் மறுக்கப்பட்டதைத்தான்: சம்பளமும், சுதந்திரமாக இயங்கும் இடமும்.

அனுமதி கேட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்த அந்த எர்லாங்கன் நகரில், இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் அந்தப் பள்ளியின் பெயர்ப் பலகையில் வேறு யார் பெயரும் இல்லை. எமி நோதர் என்றுதான் இருக்கிறது.