வணிகப் பெருந்தகை வள்ளல் சீதக்காதி

வள்ளல் சீதக்காதி என்றதும் நம் சமுதாய மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அவருடைய ஈகைதான். செத்தும் கொடுத்தவர் என்று தமிழகமெங்கும் பெயர் பெற்றவர் அவர். உமறுப் புலவரைக் கொண்டு சீறாப்புராணம் பாடச் செய்தவர். பஞ்ச காலத்திலே தம் நெற்களஞ்சியங்களைத் திறந்து ஏழைகளின் பசி தீர்த்தவர். இவற்றையெல்லாம் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், அள்ளிக் கொடுத்த அந்தக் கை முதலில் தராசு பிடித்த கை என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களிலும் அவற்றையடுத்த சிறு பட்டணங்களிலும் கடை நடத்திவரும் நமக்கு, அவருடைய வாழ்வின் இந்தப் பகுதியே இன்று பெரிதும் வேண்டப்படுகிறது. பேரங்காடிகள் பெருகிவிட்டன, சிறிய கடைக்கு இனிக் காலமில்லை என்று நம்மில் சிலர் மனம் சோர்ந்து பேசுகிறார்கள். அவரும் தம்மைவிடப் பல நூறு மடங்கு பெரியதொரு கம்பெனியை எதிரே வைத்துக்கொண்டுதான் வாணிகம் செய்தார்.

ஊரும் பேரும்

ஷெய்கு அப்துல் காதிர் என்பதே மக்கள் நாவில் சீதக்காதி என்று திரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேதுச் சீமையைச் சேர்ந்த கீழக்கரையிலே கப்பல் வாணிகம் செய்த மரைக்காயர் குலத்தில் தோன்றி, அக்குலத்துக்கே விளக்காக விளங்கினார். பெரியதம்பி மரைக்காயர் என்பது அக்குடும்பத்துக்கு வழங்கிய பெயர். டச்சுக்காரர் தம் ஏடுகளில் அப்பெயரால் குறிப்பிடும் வணிகர் இவரே என்று ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர்.

அக்காலத்தில் சேது நாட்டை ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1710 வரை ஆண்ட அம்மன்னர், மார்க்கத்தால் வேறுபட்டவராயினும் சீதக்காதியைத் தம் உற்ற துணைவராகக் கொண்டார். விஜய ரகுநாதர் என்னும் தம் பட்டப் பெயரையே அவருக்கு அளித்துச் சிறப்பித்தார். இராமநாதபுரத்துக் கோட்டையும் அரண்மனையும் எழும்பச் சீதக்காதி உதவினார் என்பது அந்நாட்டு வழக்கு. கீழக்கரையிலே வாழ்ந்த மாமேதை சதகத்துல்லா அப்பா அவர்கள், மார்க்க விஷயங்களில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார்கள்.

எதிரே நின்ற கம்பெனி

1602ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி அந்நாளில் உலகத்திலேயே பெரிய வாணிக ஸ்தாபனம். அதற்குச் சொந்தமாகப் போர்க் கப்பல்கள் உண்டு, பட்டாளம் உண்டு, கோட்டைகள் உண்டு, பல்லாயிரம் சிப்பந்திகள் உண்டு. நமது அண்டை மாநிலமான மலாக்காவை 1641இல் அது பிடித்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் ஆகியவற்றையும் கைப்பற்றியது. கீழக்கரைத் துறையில் நின்று பார்த்தால், வடக்கிலும் தெற்கிலும் எதிர்க்கரையிலும் கம்பெனியின் கொடியே பறந்தது என்று சொல்லலாம்.

அதோடு நின்றதா? கடலில் செல்லும் கப்பலுக்கெல்லாம் தன்னிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. 1670ஆம் ஆண்டையொட்டி, இலங்கையின் பாக்கு ஏற்றுமதியும் துணி இறக்குமதியும் தனக்கே உரியவை என்று அறிவித்தது. அரிசியும் துணியும் ஏற்றிச் சென்று பாக்கு ஏற்றி வருவதே நம் மரைக்காயர்களின் பரம்பரைத் தொழில். அதன் அடிமடியிலேயே கை வைத்தாயிற்று!

சிறிய தோணி சென்ற வழி

இத்தனைக்கும் நடுவே சீதக்காதியின் வாணிகம் தழைத்தது. அரிசி, துணி, பாக்கு, மிளகு, முத்து, சங்கு எனப் பல சரக்குகளில் அவர் கை வைத்தார். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரோடும் மிளகு வாணிகம் பற்றிப் பேச்சு நடத்தினார். இது எவ்வாறு கூடியது?

முதற்காரணம் கடலே. பாம்பன் கடல்வழி அந்நாளில் ஆழமற்றது, பாறைகள் நிறைந்தது. அதை வெடிவைத்து ஆழப்படுத்தியது 19ஆம் நூற்றாண்டில்தான். கம்பெனியின் பெருங்கப்பல் அவ்வழியே செல்ல முடியாமல் இலங்கையைச் சுற்றிப் போக வேண்டும். நம்மவர்களின் தோணியோ சரக்கோடு அவ்வழியே நுழைந்து எதிர்க்கரை சேர்ந்துவிடும். பெரியதற்கு அடைபட்ட வழி சிறியதற்குத் திறந்திருந்தது.

இரண்டாவது காரணம், முடிவு எடுக்கும் வேகம். தூத்துக்குடியிலிருந்த கம்பெனி அதிகாரி புதிதாக ஒரு காரியம் செய்ய நினைத்தால் கொழும்புக்கு எழுதுவார். கொழும்பு பத்தாவியாவுக்கு எழுதும். பத்தாவியா, ஆம்ஸ்டர்டாமிலே கூடும் பதினேழு இயக்குநர்களுக்கு எழுதும். கடிதம் ஐரோப்பா போய் மறுமொழி வந்து சேர ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் பாக்கு விலை ஏறி இறங்கிப் பருவக் காற்றும் மாறியிருக்கும். கீழக்கரை வணிகரோ காலையில் செய்தி கேட்டு, ளுஹர் தொழுகைக்குள் முடிவு செய்து, மாலையில் பாய் விரிக்கலாம். சரக்கை வாங்குபவரும் விலையை நிர்ணயிப்பவரும் நஷ்டம் வந்தால் தாங்குபவரும் ஒரே குடும்பத்தார். யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

மூன்றாவது காரணம், உழைப்பவனுக்கும் இலாபத்துக்கும் உள்ள தொடர்பு. கம்பெனிச் சிப்பந்திகளின் சம்பளம் சொற்பம். கம்பெனி எவ்வளவு சம்பாதித்தாலும் அவர்களுக்கு அதில் பங்கில்லை. ஆகவே, தடையை மீறித் திருட்டுத்தனமாகச் சொந்த வாணிகம் செய்வது அவர்களிடையே வழக்கமாகிவிட்டது. நம் கப்பல் வாணிகத்திலோ ஒருவர் முதல் போடுவார், ஒருவர் கப்பல் நடத்துவார், ஒரே கப்பலில் பலர் சரக்கு ஏற்றுவார்கள். வருவதைப் பேசியபடி பங்கிட்டுக்கொள்வார்கள். கதீஜா நாயகியாரின் முதலைக் கொண்டு நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்று வாணிகம் செய்ததும் இத்தகைய ஏற்பாட்டில்தானே!

நான்காவது காரணம், மனிதரை அறிந்திருப்பது. எந்த ஊரில் என்ன துணி விரும்புவார்கள், யார் சொன்ன சொல் தவறாதவர், எந்தத் துறையில் எப்போது அரிசி முடை என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய அறிவு. கம்பெனி கட்டுப்பாடு விதித்ததால் இலங்கையில் அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு வந்ததேயன்றி, அதன் உத்தரவு முற்றும் நிறைவேறவில்லை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியே பிடியைத் தளர்த்தும்படி ஆயிற்று.

சிறுமைக்கும் வரம்புண்டு

இதைக் கேட்டு, சிறியவன் எப்போதும் வெல்வான் என்று எண்ணிவிடலாகாது. சந்தையில் வெல்ல முடியாத இடத்தில் கம்பெனி சட்டத்தையும் பீரங்கியையும் கொண்டுவந்தது. 1690இல் சேதுபதியோடு அது செய்த உடன்படிக்கையில், பெரியதம்பி மரைக்காயர் குடும்பத்தார்க்கு ஆட்சிப் பொறுப்பு எதுவும் தரலாகாது என்று நிபந்தனை விதித்தது. இத்தனை பெரிய ஸ்தாபனம் ஒரு கீழக்கரைக் குடும்பத்தின் பெயரைச் சொல்லித் தடை போட்டது என்றால், அக்குடும்பத்தின் ஆற்றல் எத்தகையது! ஆயினும் தடை தடையே. மன்னரின் ஆதரவு இல்லாமல் சீதக்காதியாரும் அவ்வளவு உயர்ந்திருக்க முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு மனிதரைச் சுற்றி நிற்கும் காரியம் அவரோடு நின்றுவிடக்கூடும் என்பது மற்றோர் ஆபத்து. சீறாப்புராணம் முடியுமுன்னே வள்ளல் மறைந்தார். அப்போது பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்ததாலேயே அக்காவியம் நமக்குக் கிடைத்தது. ஒருவர் விட்ட இடத்தில் தொடர மற்றொருவர் வேண்டும். காவியத்துக்கு மட்டுமல்ல, கடைக்கும் இதுவே நியதி.

கம்பெனியின் கதி

அந்தப் பெருங்கம்பெனி நம் நெகிரி செம்பிலானையும் விட்டுவைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் லிங்கி ஆற்று முகத்திலே கோட்டை கட்டி, ரெம்பாவ், லிங்கி வட்டாரத்து வெள்ளீயம் முழுவதும் தன்னிடமே வர வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டது. முடிவு என்ன? கடன் சுமையாலும் சிப்பந்திகளின் ஊழலாலும் நொடித்துப்போய், 1799ஆம் ஆண்டின் இறுதியில் கம்பெனியே கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நம்மவர் கப்பல்கள் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் துணி ஏற்றி வந்துகொண்டுதான் இருந்தன.

நம் கடைகளுக்கு ஒரு பாடம்

இனி நம் நிலையைப் பார்ப்போம். 1950, 60களில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பல சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்திருக்கிறார்கள். இம்மாறுதலை முதலில் காண்பவர் யார்? எங்கோ தலைநகரில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் பேரங்காடி அதிகாரியா? பாகாவிலும் தம்பினிலும் கல்லாப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் நாமல்லவா! புதிதாக வந்த தொழிலாளி எந்த அரிசி கேட்கிறான், எந்த மீன் கருவாடு தேடுகிறான் என்று இன்று கேட்டறிந்து நாளையே வாங்கி வைக்க நம்மால் முடியும். அந்த வேகத்தைப் பயன்படுத்தாமல், பழைய சரக்கையே அடுக்கிவைத்துக்கொண்டு பேரங்காடியைக் குறை சொல்வது தோணியைக் கட்டிப் போட்டுவிட்டுக் காற்றைக் குறை சொல்வதாகும்.

விலையில் மட்டும் பெரியவர்களோடு மோத வேண்டாம். அது அவர்களின் ஆழ்கடல். மொத்தமாக வாங்குவதற்கு, ஒரே கப்பலில் பலர் சரக்கேற்றிய முறையைக் கைக்கொள்வோம். நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து கொள்முதல் செய்யட்டும். விற்பனையும் முடிவும் அவரவர் கையில் இருக்கட்டும். முதலில் கூட்டு, முடிவில் தனி. கடன் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் பேரேட்டிலும் எழுதுவோம். கடனை எழுதி வைக்கும்படி திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமே கட்டளையிடுகிறது. நமக்குப் பின் கடையை நடத்தப் பிள்ளைகளையோ, நம்பிக்கையான பணியாளரையோ பங்கு கொடுத்து இப்போதே பழக்குவோம்.

பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்த வள்ளலின் பெயர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வாழ்கிறது. அவரைத் தடுத்த கம்பெனி அதிகாரிகளின் பெயரைத் தமிழ் மக்களில் அறிந்தவர் எத்தனை பேர்? சம்பளத் தேதி வரை பொறுத்திருக்கும் கடைக்காரரைத் தோட்டத்து ஏழை மறப்பதில்லை. அந்த நன்மதிப்பை எந்தப் பேரங்காடியும் விலைக்கு வாங்கிவிட முடியாது.

வல்ல அல்லாஹ் நம் வாணிகத்தில் பரக்கத்தும், நம் கைகளில் ஈகையும், நம்மிடையே ஒற்றுமையும் தந்தருள்வானாக. ஆமீன்.